மஞ்சள் காமாலைக்கான ரத்தப் பரிசோதனைகள்: பாலக்காடு எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிகளுக்கு இரு பக்கமும் இருப்பவர்கள் கண் மஞ்சளானால் ஒரு நாள் பொள்ளாச்சிக்கும் மறுநாள் பாலக்காட்டுக்கும் போகிறார்கள். சீட்டு ஓர் ஊரில், ரத்தம் இன்னோர் ஊரில், ரிப்போர்ட்டைக் காட்டுவது மூன்றாவது ஊரில். அந்த அலைச்சலில் எழும் கேள்விகளுக்கு லேப் பக்கத்திலிருந்து சொல்லக்கூடிய பதில்கள் இவை. மருந்து பற்றிய முடிவு டாக்டருடையது.

காமாலைக்கு ஒரு டெஸ்ட் போதாதா? சீட்டில் ஏன் நாலு பெயர் எழுதியிருக்கிறது?

ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி ஏறினால் கண் மஞ்சளாகும். அதை ஏற்றியது எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஈரலைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து. பெயர் வரிசையாக இருந்தாலும் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வைரஸ்கள். ஏ-யும் இ-யும் அசுத்தமான தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். பி-யும் சி-யும் ரத்தம், ஊசி, பிரசவம், உடலுறவு வழியாக வந்து வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே தங்கிவிடும். டி வைரஸ் பி இருக்கிறவருக்கு மட்டுமே வரும், தனியாகப் பிழைக்காது.

ஒவ்வொன்றுக்கும் தேடும் பொருளும் வேறு. ஏ, இ இரண்டுக்கும், வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகளில் ஐஜிஎம் என்ற வகையைத் தேடுகிறோம். உடம்பு அந்த வைரஸை இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது என்று அது சொல்லும். ஐஜிஎம் இல்லாமல் அதே வைரஸுக்கான ஐஜிஜி வகை மட்டும் இருந்தால் எப்போதோ வந்து போனது, அல்லது தடுப்பூசி போட்டது என்று அர்த்தம். பி-க்கு முதலில் பார்ப்பது ஆன்டிபாடியே அல்ல, வைரஸின் மேலுறைப் புரதமான ஹெச்பிஎஸ்ஏஜி என்ற ஆன்டிஜன். 1965-ல் அமெரிக்க விஞ்ஞானி பரூச் பிளம்பெர்க்கின் குழு ஆஸ்திரேலியா ஆன்டிஜன் என்று பெயரிட்டது இதைத்தான். சி-க்கு முதலில் ஆன்டிபாடி, அது பாசிட்டிவ் ஆனால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ.

ஆகவே எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் எந்த வைரஸ், ஆன்டிஜனா ஆன்டிபாடியா, நோய் தொடங்கி எத்தனையாவது நாள் எடுத்த ரத்தம் என்ற மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். கீழே வரும் குழப்பங்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டதால் வருபவை.

'வைரல் மார்க்கர்' எடுத்தோம், எல்லாம் நெகடிவ். அப்படியானால் வைரஸ் காமாலை இல்லையா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெரும்பாலான லேப்களில் வைரல் மார்க்கர் என்ற பேக்கேஜ் ஆபரேஷனுக்கு முன்னால் எடுப்பது. அதில் ஹெச்ஐவி, பி-க்கான ஹெச்பிஎஸ்ஏஜி, சி-க்கான ஆன்டி ஹெச்சிவி மூன்றுதான் இருக்கும். தண்ணீரில் வரும் ஏ-யும் இ-யும் அதில் இல்லை. கேரளத்தில் கூட்டமாகப் பரவுவதோ பெரும்பாலும் ஏ தான். 2024-ல் மலப்புரம், எர்ணாகுளம் பக்கங்களில் பரவியதும் அதுவே. கண் மஞ்சளாகி வந்தவருக்கு மார்க்கர் மூன்றும் நெகடிவ் என்று எழுதிக் கொடுத்தால், தேட வேண்டிய இடத்தில் இன்னும் தேடவே இல்லை என்றுதான் பொருள். கவுன்டரிலேயே 'ஹெச்ஏவி ஐஜிஎம், ஹெச்இவி ஐஜிஎம் இருக்கிறதா' என்று கேளுங்கள்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டாம். தண்ணீரும் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட்டும் சேர்த்து எழுதியிருந்தால் அதற்காகத்தான் வெறும் வயிறு. ஆனால் பரோட்டாவும் பீஃப் வறுவலும் சாப்பிட்ட கையோடு வந்தால் சீரம் பால்போலக் கலங்கி நிற்கும். சில கருவிகள் அதில் தடுமாறும்.

முடி வளர, நகம் வலுவாக என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். ஒளியை அளந்து முடிவு சொல்லும் சில கெமிலுமினசென்ஸ் கருவிகள், பயோட்டினும் அதைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதமும் சேரும் பிணைப்பில்தான் ஓடுகின்றன. ரத்தத்தில் பயோட்டின் கூடுதலாக மிதந்தால் ஹெச்பிஎஸ்ஏஜி இருந்தும் நெகடிவ் என்று காட்டக்கூடும். 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பவர்கள் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு வருவது நல்லது. யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு ரத்தம், எந்த டியூப்?

ஆன்டிபாடி டெஸ்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 முதல் 5 மில்லி போதும். சிவப்பு மூடி டியூபிலோ, ஜெல் உள்ள மஞ்சள் மூடி டியூபிலோ எடுப்பார்கள். அரை மணி நேரம் அசைக்காமல் நிற்கவைத்து உறையவிட்டு, 3000 சுற்றில் பத்து நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் ஓட்டினால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் பிரியும். காமாலைக்காரருக்கு அது நல்ல மஞ்சளாகவே இருக்கும். ஆர்என்ஏ, டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு ஊதா மூடி இடிடிஏ டியூப். அதிலிருந்து பிளாஸ்மாவைச் சீக்கிரமே பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும்.

அரை மணி நேரம் என்பதைக் குறைக்கக் கூடாது. கூட்டமான நாளில் பத்து நிமிடத்திலேயே ஓட்டிவிட்டால் சீரத்தில் நூல் நூலாக ஃபைப்ரின் நிற்கும். அது பிப்பெட் முனையை அடைக்கும், அல்லது டெஸ்ட் பிளேட்டின் குழியடியில் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாமல் பொய் பாசிட்டிவ் கொடுக்கும். டயாலிசிஸுக்காக ஹெப்பாரின் ஏற்றியவருக்கு உறைய இன்னும் நேரமாகும்.

காலையில் முதலமடையில் எடுத்த ரத்தம் மதியம்தான் பாலக்காடு போகிறது. கெட்டுப்போகாதா?

சீரத்தைப் பிரித்து அனுப்பினால் கெடாது. 2 முதல் 8 டிகிரியில் சில நாள் தாங்கும், அதற்கு மேல் வைப்பதானால் மைனஸ் 20. பிரிக்காத ரத்தத்தை மார்ச், ஏப்ரல் வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டு அனுப்புவதுதான் வினை. செல்கள் உடைந்து சீரம் சிவக்கும். ஐஸ் பேக்கை டியூபோடு நேராக ஒட்டிவைத்தாலும் அதே கதிதான், நடுவில் துணியோ தெர்மோகோலோ வேண்டும். ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சை அழுத்தி டியூபுக்குள் பீய்ச்சினாலும் செல் உடையும். செல் உடைந்த ரத்தத்தில் ஆன்டிபாடியைவிட எஸ்ஜிஓடி என்ற ஈரல் நொதியின் எண்தான் முதலில் கெடும். ஈரல் டெஸ்ட்டும் சேர்த்து எடுப்பதால் இது முக்கியம்.

கலெக்ஷன் சென்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'இங்கேயே சென்ட்ரிஃப்யூஜ் இருக்கிறதா?'

கார்டு டெஸ்ட்டுக்கும் எலைசாவுக்கும் என்ன வித்தியாசம்?

கார்டில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கிட்டைப் பொறுத்து 15, 20 நிமிடத்தில் கோடு பார்ப்பார்கள். 'C' (கன்ட்ரோல்) என்ற இடத்தில் கோடு வரவில்லை என்றால் டெஸ்டே செல்லாது, புதுக் கார்டு போட வேண்டும். 'T' (டெஸ்ட்) என்ற இடத்தில் எவ்வளவு மங்கலாக வந்தாலும், குறித்த நேரத்துக்குள் வந்தால் பாசிட்டிவ்தான். டீ குடித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் காய்ந்த கார்டில் பேய்க்கோடு தெரியும். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இரவு பன்னிரண்டு மணிக்கு வரும் பிரசவக் கேஸுக்குக் கார்டுதான் கைகொடுக்கும். ஆனால் ஹெச்பிஎஸ்ஏஜி மிகக் குறைவாக இருப்பவரைக் கார்டு தவறவிடும், எலைசாவும் கெமிலுமினசென்ஸும் பிடித்துவிடும். கார்டு பாசிட்டிவை இன்னொரு முறையில் உறுதி செய்யாமல் யாருக்கும் 'உங்களுக்கு பி இருக்கிறது' என்று சொல்வது சரியல்ல.

எலைசா ரிப்போர்ட் ஏன் மறுநாள்தான் கிடைக்கிறது? உள்ளே என்ன செய்கிறார்கள்?

ஒரு பிளேட்டில் 96 குழிகள். ஒரே ஒருவருடைய ரத்தத்துக்காகப் பிளேட்டை ஓட்டினாலும் கன்ட்ரோல் குழிகள் நாலைந்து செலவாகும். அதனால் சின்ன லேப்கள் பத்திருபது சாம்பிள் சேரும்வரை வைத்திருக்கும். ஓட்டத் தொடங்கினால் இரண்டு மணி நேர வேலைதான்.

ஆன்டி ஹெச்சிவியை எடுத்துக்கொள்ளுங்கள். குழியின் அடியில் வைரஸின் புரதத் துண்டுகளைத் தயாரிப்பாளரே ஒட்டி அனுப்பியிருப்பார். கிட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். சில கிட்களில் 100 மைக்ரோலிட்டர் டைல்யூயன்ட், அதில் 10 மைக்ரோலிட்டர் சீரம். வேறு கிட்டில் அளவு வேறு, உள்ளே இருக்கும் காகிதம் சொல்வதே வேதம். ஒவ்வொருவருக்கும் புது டிப். 37 டிகிரியில் அரை மணியோ ஒரு மணியோ வைத்தால், ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் அடியில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவல். அடுத்து அந்த ஆன்டிபாடியைப் பிடிக்கும், என்சைம் ஒட்டிய கான்ஜுகேட் 100 மைக்ரோலிட்டர் விட்டு மறுபடி 37 டிகிரி, மறுபடி கழுவல். டிஎம்பி என்ற நிறம் கொடுக்கும் திரவம் விட்டு இருட்டில் 15 முதல் 30 நிமிடம். ஆன்டிபாடி உள்ள குழி வானநீலமாக ஏறும். ஸ்டாப் அமிலம் விழுந்ததும் அந்த நீலம் சட்டென்று மஞ்சளாகும். காமாலையைத் தேடுகிற டெஸ்டிலும் பாசிட்டிவின் நிறம் மஞ்சளாக அமைந்தது தற்செயல்தான். 450 நானோமீட்டரில் ரீடர் அதை எண்ணாக்கும். அமிலம் விட்ட அரை மணிக்குள் படித்துவிட வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கழுவுகிற இடத்தில். ஒவ்வொரு குழியிலும் சுமார் 350 மைக்ரோலிட்டர் பஃபர் நிறைந்து, முழுவதும் உறிஞ்சப்பட்டு, இப்படி ஐந்தாறு முறை. வாஷரின் ஓர் ஊசித்துளை உப்புப் படிந்து அடைத்திருந்தால், எட்டு வரிசையில் அந்த ஒரே வரிசை மட்டும் நீலமாக நிற்கும். ஒரே வரிசையில் அடுத்தடுத்து நாலு பேருக்குப் பாசிட்டிவ் வந்தால் அனுபவமுள்ள டெக்னீஷியன் நோயாளிகளைச் சந்தேகிக்கமாட்டார், வாஷரைத்தான் திறந்து பார்ப்பார். வாஷ் பஃபர் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் அடியில் உப்புக்கட்டி நிற்கும். அதைக் கரைக்காமல் தண்ணீர் சேர்த்தால் அன்றைய பிளேட் முழுக்க நம்ப முடியாது. கழுவிய பின் பிளேட்டைத் தட்டி உலர்த்துவது சரி, அப்படியே பத்து நிமிடம் காயவிட்டால் கெடும். பிளீச்சிங் தண்ணீரின் ஒரு துளி டிஎம்பியில் பட்டாலும் அது தானாகவே நீலமாகிவிடும். நடுவில் கரண்ட் போய் இன்குபேட்டர் ஆறிவிட்டால் ஓடியதை எறிந்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத லேபில் இது நடக்கிறது.

ரிப்போர்ட்டில் 0.94 என்றும் நான்-ரியாக்டிவ் என்றும் இருக்கிறது. 1.0-க்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பது ஆபத்தா?

அந்த எண் உங்கள் குழியின் நிறத்தைக் கட்-ஆஃப் நிறத்தால் வகுத்து வருவது. 1.0-க்குக் கீழ் நான்-ரியாக்டிவ், அதாவது நெகடிவ்; மேலே ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ். பெரும்பாலான லேப்கள் கட்-ஆஃபுக்குப் பத்து சதவீதம் கீழும் மேலும் உள்ள பகுதியை, அதாவது 0.9 முதல் 1.1 வரை, சந்தேகப் பகுதியாக வைத்து அதே சீரத்தை இரண்டு குழிகளில் மறுபடி ஓட்டிப் பார்க்கும். உங்கள் 0.94 அப்படி ஓட்டப்பட்டதா என்று கேட்கலாம். மறுபடியும் அங்கேயே நின்றால் இரண்டு மூன்று வாரம் கழித்துப் புது ரத்தம். உண்மையான தொற்றின் தொடக்கம் என்றால் எண் ஏறியிருக்கும், இல்லையென்றால் அங்கேயே தள்ளாடும்.

இந்த எண்ணை வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது. ஆன்டி ஹெச்சிவியில் 1.3 போன்ற மெல்லிய பாசிட்டிவ் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம், 10, 15 என்று வந்தால் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தாண்டி அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. போன வருஷம் 12, இந்த வருஷம் 9, குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை.

கண் நன்றாக மஞ்சள். ஏ-யும் இ-யும் ஐஜிஎம் நெகடிவ். பிறகு என்ன?

முதலில் நாளைப் பாருங்கள். ஏ வைரஸுக்குக் கண் மஞ்சளாகும்போது ஐஜிஎம் பெரும்பாலும் வந்துவிட்டிருக்கும். காய்ச்சலும் குமட்டலும் தொடங்கிய இரண்டாம் நாளே எடுத்திருந்தால் தவறியிருக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். பி-க்கு ஹெச்பிஎஸ்ஏஜியோடு, வைரஸின் உட்புறப் புரதத்துக்கு எதிரான கோர் ஐஜிஎம்மும் பார்த்தார்களா என்று பாருங்கள்.

வைரஸே இல்லாத காமாலையும் இருக்கிறது. வயலில் வேலை செய்பவருக்குக் கெண்டைக்கால் வலியோடு கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைவு, கண் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலைத் தேட வேண்டும். கேரளத்தில் அது சாதாரணம், தாமதித்தால் உயிரை எடுக்கும். எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதியைப் பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும். வைரஸ் ஈரல் அழற்சியில் அது ஆயிரத்தைத் தாண்டுவது வழக்கம். எலிக்காய்ச்சலில் பிலிரூபின் உச்சத்தில் இருக்கும்போதும் எஸ்ஜிபிடி இருநூறுக்குள் தங்கும். பித்தப்பைக் கல், காசநோய் மாத்திரை, அளவு மீறிய பாராசிட்டமால், சாராயம் எல்லாமே பட்டியலில் உண்டு.

கீழாநெல்லி குடித்து மஞ்சள் இறங்கிவிட்டது. இனி டெஸ்ட் எதற்கு?

ஏ-யாக இருந்தால் கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சில வாரங்களில் இறங்கியிருக்கும். சிக்கல் பி-யில். திடீரென்று வந்த பி-யிலும் மஞ்சள் இறங்கிவிடும், ஆனால் சிலருக்கு வைரஸ் மட்டும் தங்கிவிடும். 1988-ல் சென்னையில் கீழாநெல்லியைப் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்ததாக வெளிவந்தது. மேலே சொன்ன பிளம்பெர்க்கும் அந்த ஆய்வாளர்களில் ஒருவர். பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. யார் எதைக் குடித்தாலும் ஒருமுறை ஹெச்பிஎஸ்ஏஜி பார்த்துவிட வேண்டும். பாசிட்டிவாக இருந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி.

கண்ணில் மருந்து விடுவது, கையில் சூடு வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். எல்லாம் முடிந்ததா?

இல்லை. முதலில் இது புதிதா பழசா என்று பிரிக்க வேண்டும். கோர் ஐஜிஎம் நல்ல பாசிட்டிவ், எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் என்றால் பெரும்பாலும் புதுத் தொற்று. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வாங்கிய குழந்தைகளில் கணக்கு தலைகீழ், பத்தில் ஒன்பது பேருக்குத் தங்கிவிடும். ஆறு மாதம் தாண்டியும் பாசிட்டிவ் என்றால் நாள்பட்ட பி.

அதன் பிறகு பார்ப்பவை வைரஸ் எவ்வளவு பெருகுகிறது என்று காட்டும் ஹெச்பிஇஏஜி, அதற்கு எதிரான ஆன்டி ஹெச்பிஇ, ஹெச்பிவி டிஎன்ஏ அளவு, எஸ்ஜிபிடி, பிளேட்லெட், வயிற்று ஸ்கேன். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்கு டெனோஃபோவிரோ என்டெகாவிரோ. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் டெஸ்டும் மருந்தும் இலவசம். எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்ட மருத்துவமனையிலோ விசாரியுங்கள். டிஎன்ஏ டெஸ்டுக்கு வெளியில் ஆயிரக்கணக்கில் கொடுத்தபின் இதைத் தெரிந்துகொண்டு வருந்துபவர்கள் நிறைய.

வீட்டில் உள்ளவர்கள் ஹெச்பிஎஸ்ஏஜி, பாதுகாப்பைக் காட்டும் ஆன்டி ஹெச்பிஎஸ், கோர் ஆன்டிபாடி மூன்றும் பார்த்து, மூன்றும் நெகடிவ் என்றால் தடுப்பூசி போட வேண்டும். தட்டு, டம்ளர், துணி எதையும் பிரித்துவைக்கத் தேவையில்லை. பிரிக்க வேண்டியவை ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கி. உலர்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும். சலூனில் புது பிளேடை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்வது அகராதித்தனம் அல்ல.

ஹெச்பிஎஸ்ஏஜி நெகடிவ், கோர் ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ். இது என்ன கணக்கு?

நாலு சாத்தியம். எப்போதோ வந்து போயிருக்கலாம், இதுவே அதிகம். புதுத் தொற்றில் ஆன்டிஜன் மறைந்து ஆன்டி ஹெச்பிஎஸ் இன்னும் எழாத இடைவெளியாக இருக்கலாம். அப்போது கோர் ஐஜிஎம் காட்டிக்கொடுக்கும். ஆன்டிஜன் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைரஸ் ஒளிந்திருக்கலாம், அதற்கு டிஎன்ஏ பார்க்க வேண்டும். அல்லது பொய் பாசிட்டிவ். தடுப்பூசி போட்டதால் கோர் ஆன்டிபாடி வரவே வராது, ஊசியில் மேலுறைப் புரதம் மட்டும்தான் உண்டு.

புற்றுநோய்க்குக் கீமோவோ, மூட்டுவாதத்துக்கு ரிட்டுக்ஸிமாப் போன்ற ஊசியோ தொடங்கப்போகிறவர் இந்த ரிப்போர்ட்டைக் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும்போது தூங்கும் பி எழுந்துவிடும்.

மகள் நர்சிங் படிக்கிறாள். மூன்று ஊசியும் போட்டாச்சு, ஆன்டி ஹெச்பிஎஸ் 6 என்று வந்திருக்கிறது.

10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. எப்போது பார்த்தீர்கள் என்பதில்தான் விஷயம். மூன்றாவது ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் பார்த்து 6 என்றால் ஊசி சரியாக எடுபடவில்லை, இன்னொரு சுற்றுப் போட வேண்டும். சின்னக் குழந்தையில் போட்டதை இப்போது பார்த்து 6 என்றால் அளவு இறங்கியிருக்கிறது, நினைவு இருக்கக்கூடும். ஒரு ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலோருக்கு நூற்றுக்கணக்கில் எகிறும். எகிறாவிட்டால் மீதி இரண்டையும் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு முழுச் சுற்றுக்குப் பிறகும் 10-ஐத் தொடாதவருக்கு ஹெச்பிஎஸ்ஏஜியும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் பி ஊசி அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். இப்போது கல்லூரியில் படிப்பவர்கள் அதற்கு முன் பிறந்தவர்கள். தடுப்பூசி கார்டில் பதிவு இருந்தால் தேடி எடுங்கள்.

ஆன்டி ஹெச்சிவி பாசிட்டிவ். மருந்து சாப்பிட்டு முடித்தும் பாசிட்டிவாகவே இருக்கிறதே?

இருக்கும். குணமானாலும் அந்த ஆன்டிபாடி வருஷக்கணக்கில் மறையாது, அதனால் மருந்துக்குப் பிறகு அதைத் திரும்ப எடுப்பது காசுக்குக் கேடு. பார்க்க வேண்டியது ஹெச்சிவி ஆர்என்ஏ. மருந்தே எடுக்காமல் தானாக வைரஸ் போனவர்களும் கணிசமாக உண்டு, அவர்களுக்கும் ஆன்டிபாடி பாசிட்டிவ், ஆர்என்ஏ நெகடிவ் என்றுதான் வரும். ஆர்என்ஏ பாசிட்டிவ் என்றால் பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை. முடித்து இன்னொரு 12 வாரம் கழித்து ஆர்என்ஏ நெகடிவ் என்றால் குணமானதாகக் கணக்கு.

இடைவெளியையும் மறக்க வேண்டாம். தொற்று ஏறி ஆன்டிபாடி எழ 8 முதல் 11 வாரமாகலாம். டயாலிசிஸில் இருப்பவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் ஆகியோருக்கு ஆன்டிபாடி எழாமலே போகலாம், சந்தேகம் இருந்தால் நேராக ஆர்என்ஏ.

கல்ஃப் மெடிக்கலுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் ஹெச்பிஎஸ்ஏஜி நெகடிவ் ஆகிவிடுமா?

ஆகாது. இருக்கிற தொற்றைத் தடுப்பூசி விரட்டாது. இல்லாதவருக்கோ எதிர்மாறான வம்பு வரும். ஊசியில் இருப்பதே ஹெச்பிஎஸ்ஏஜி என்பதால் போட்ட மூன்று வாரம்வரை சிலருக்கு டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். மெடிக்கல் தேதி குறித்துவிட்டால் ஊசியை அதற்குப் பிறகு தள்ளிவைக்கவும். ஊருக்குள் முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் போவதானால் கார்டில் பார்க்காதீர்கள், எலைசாவிலோ கெமிலுமினசென்ஸிலோ பாருங்கள். கார்டில் நெகடிவ் ஆகி அங்கே அன்ஃபிட் ஆவது இப்படித்தான். 'நெகடிவ் ஆக்கித் தருகிறோம்' என்று பணம் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிக்கு எதெல்லாம் பார்க்க வேண்டும்?

எல்லாக் கர்ப்பிணிக்கும் ஹெச்பிஎஸ்ஏஜி. பாசிட்டிவ் என்றால் டிஎன்ஏ. 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28-ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் தருவது வழக்கம். குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் ஹெச்பிஐஜி என்ற, பி-க்கு எதிரான தயார் ஆன்டிபாடி ஊசி. ஹெச்பிஐஜி சின்ன ஆஸ்பத்திரியில் கையிருப்பு இருக்காது, வலி எடுக்கும் முன்பே கேட்டு வாங்கிவைக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காமாலை வந்தால் ஹெச்இவி ஐஜிஎம் உடனே பார்க்க வேண்டும். இ வைரஸ் மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போனாலும் கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவர்வரை பலியாகக்கூடிய நோய். ரிப்போர்ட்டுக்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம், அட்மிட் ஆனபின் ரிப்போர்ட் வரட்டும்.

சி உள்ள தாயின் குழந்தைக்கு 18 மாதம்வரை அம்மாவின் ஆன்டிபாடியே ஓடும். அதற்குள் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

ஊசி குத்திவிட்டது. இன்றே டெஸ்ட் எடுத்தால் தெரியுமா?

இன்று எடுப்பது உங்கள் பழைய நிலை தெரிவதற்கு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். எந்த நோயாளியின் ஊசி என்று தெரிந்தால் அவருடைய ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நோயாளி ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவர் என்றால் ஹெச்பிஐஜி, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், கூடவே தடுப்பூசியும். சி-க்குத் தடுப்பூசி கிடையாது, சில வாரம் கழித்து ஆர்என்ஏ பார்ப்பார்கள்.

வீட்டில் ஒருவருக்கு ஏ பாசிட்டிவ். எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு ஏ தடுப்பூசி போடலாம், தொடர்பு ஏற்பட்ட இரண்டு வாரத்துக்குள் போட்டால் பயன்படும். கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பரவல் இருக்கும்போது இரட்டிப்பாகப் போடுவார்கள். குடிதண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். கொதித்த தண்ணீரில் சூடு ஆற்றப் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் கொதிக்கவைத்தது வீண். ஹோட்டலில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீர் தருவார்கள், நிறம் வந்ததாலேயே கொதித்தது என்று ஆகாது. சர்பத் கடை ஐஸும் அப்படியே.

ரத்த தானம் செய்யலாமா?

ஏ, இ வந்தவர் குணமாகி ஒரு வருஷம் கழித்து. பி, சி வந்தவர் செய்யக் கூடாது.

பொள்ளாச்சியில் பாசிட்டிவ், பாலக்காட்டில் நெகடிவ். எதை நம்புவது?

இரண்டு ரிப்போர்ட்டிலும் மூன்று வரியைத் தேடுங்கள்: டெஸ்டின் முழுப் பெயர், எந்த முறை, ரத்தம் எடுத்த தேதி. ஒன்றில் ஏ ஐஜிஎம், இன்னொன்றில் ஏ மொத்த ஆன்டிபாடி என்று இருக்கும், சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். அல்லது ஒன்று கார்டு, ஒன்று கெமிலுமினசென்ஸ். பெயரும் முறையும் ஒன்றாக இருந்தும் முடிவு மாறினால் மூன்றாவது லேபுக்கு ஓடாமல் வேறு வகை டெஸ்டுக்குப் போக வேண்டும்: பி என்றால் நியூட்ரலைசேஷனோ (ஆன்டிபாடி சேர்த்து ஹெச்பிஎஸ்ஏஜி அடங்குகிறதா என்று பார்ப்பது) டிஎன்ஏவோ, சி என்றால் ஆர்என்ஏ. முடக்குவாதக் காரணி உள்ளவர்களுக்கு ஐஜிஎம் டெஸ்ட்கள் பொய் பாசிட்டிவ் காட்டுவது உண்டு, மூட்டு நோய் இருந்தால் சொல்லுங்கள். ஏ ஐஜிஎம் மூன்று முதல் ஆறு மாதம் ரத்தத்தில் நிற்கும் என்பதால், மார்ச்சில் வந்து போன ஏ-யின் ஐஜிஎம் ஜூலைக் காய்ச்சலிலும் பாசிட்டிவாகத் தெரியலாம். அப்போது எஸ்ஜிபிடி சாதாரணமாக இருந்தால் இந்தக் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ரிப்போர்ட் வரும்வரை எதைக் கவனிக்க வேண்டும்?

தூக்கம் இடம் மாறுவது, அதாவது பகலெல்லாம் உறங்கி இரவில் விழித்துப் பிதற்றுவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், நிற்காத வாந்தி, வயிறு உப்புவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆன்டிபாடி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. ஐஎன்ஆர் என்ற ரத்த உறைவு டெஸ்ட்தான் அப்போது முக்கியம், 1.5-ஐத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. வைரஸ் எது என்று அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம். ஆம்புலன்ஸுக்கு எல்லையின் இரு பக்கமும் 108.